செம்மொழி டீச்சரும் திணறிய காரும்

குத்தாலம் கடைத்தெருவில் ஒரு பெண் காரை ரிவர்ஸ் எடுத்து, எதிலும் இடிக்காமல் நிறுத்துகிறாள் என்றால், அவள் பெரும்பாலும் செம்மொழி டீச்சரிடம் படித்தவளாகத்தான் இருப்பாள். பதினோரு வருடமாக அந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள் செம்மொழி. அதற்கு முன்னால் ஒன்பது வருடம் மயிலாடுதுறையில் ஒருவரிடம் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதற்கும் முன்னால், கல்யாணமான புதிதில், நாற்றுக்கட்டு ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டினாள். இந்த நாற்பத்து மூன்று வயதுக்குள் அவள் கால் படாத கிளட்ச் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்று அவள் கணவன் புகழேந்தி சொல்லுவான். அவன் மின்வாரியத்தில் வயர்மேன். அதிகம் பேசாதவன், இந்த ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாலும், ஓட்டுகிறவர் எந்த கியரில் தப்பு செய்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வண்டியின் சத்தமும் இருக்கையின் அதிர்வும் போதும். அப்படிப்பட்டவளைத்தான் ஒரு கார் நான்கு மாதம் குழப்பத்தில் போட்டு வைத்திருந்தது.

அந்தக் கார் பக்கத்து ஊர் ராஜ்குமாருடையது. செம்மொழியின் அம்மா பொன்னுத்தாய் முப்பது வருடம் நடவு நட்டது ராஜ்குமார் வீட்டு நிலத்தில்தான். அவன் தோஹாவில் வேலை பார்க்கிறான். சென்னையில் இருந்தபோது வாங்கிய கறுப்பு ஜெர்மன் காரை ஊருக்குக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். பன்னிரண்டு வயதான கார். விற்கப்போவதாகச் சொன்னபோது, கல்யாணங்களுக்கு மேடை அலங்காரம் செய்யும் ராம்கிதான் செம்மொழியிடம் வந்து சொன்னான்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லாரும் கேக்குறது இந்த மாதிரி வண்டிதான்க்கா. நாங்க திருச்சியிலேருந்து வரவழைக்கிறோம். உங்ககிட்ட ஒண்ணு இருந்தா முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் ஓட்டம் இருக்கும். ஓட்டுறதும் நீங்களே."

ஆவணியில் வாங்கினாள். வாங்கிய அன்று அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து மயிலாடுதுறை வரைக்கும் போய்வந்தாள். பொன்னுத்தாய் போக வர இருபது கிலோமீட்டரும் முதுகைச் சாய்க்கவில்லை.

"சாஞ்சுக்கம்மா."

"இருக்கட்டும் பாப்பா. இப்படியே நல்லாத்தான் இருக்கு."

அது ஆட்டோமேட்டிக் கியர். இடது காலுக்கு வேலை இல்லை. முதல் வாரம் செம்மொழியின் இடது கால் பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை மிதித்தது. வண்டி நடுரோட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அப்புறம் காலை மடக்கி வைக்கப் பழகிக்கொண்டாள். அவ்வளவு எடையுள்ள வண்டி இவ்வளவு சத்தமில்லாமல் போவது அவளுக்குப் பிடித்திருந்தது. புரட்டாசியில் இரண்டு அறுபதாம் கல்யாணம், ஒரு காதுகுத்து. எல்லாம் நல்லபடியாக நடந்தன.

ஐப்பசியில் ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன் டயர் பக்கவாட்டில் வீங்கிப்போனது. டயர் கடைக்காரர் சொன்னபடி முன்னால் இரண்டையும் மாற்றினாள். மூன்று நாள் கழித்து, விடாத மழையில் ஆடுதுறைப் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர். திரும்பிப் போக வழியில்லாமல் அதற்குள் இறக்கி ஏற்றினாள். கார்த்திகை பிறந்தபோது வண்டி திணற ஆரம்பித்தது.

எப்படித் திணறியது என்று யாருக்காவது விளக்கச் சொன்னால் அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மெதுவாக வளைத்துத் திருப்பும்போது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கித் தயங்கி உதறும். ஸ்டீயரிங் நேரானதும் ஒன்றுமே நடக்காத மாதிரி போகும். நேர் ரோட்டில் ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது எப்போதாவது முதுகில் ஒரு தட்டு. வீட்டிலிருந்து கிளம்பியதும் இருக்காது. அரை மணி நேரம் ஓடிய பிறகு வரும். இதில் இன்னொரு வேடிக்கை, அடைமழை பெய்யும் நாட்களில் வண்டி பதவிசாக இருந்தது. வெயில் அடித்தால் வம்பு செய்தது. தண்ணீர் புகுந்ததால் வந்த கோளாறு என்றால் ஈரத்தில்தானே அதிகமாக வேண்டும்?

"பேட்டரி வீக்கா இருக்கும்," என்றான் புகழேந்தி. "எர்த் சரியா கிடைக்கலன்னாலும் இப்படித்தான் உதறும்."

"வளைக்கும்போது மட்டும் எர்த் கிடைக்காதா?"

"வயர் எங்கயாவது இழுபடும்," என்றான்.

டிராக்டரும் வேனும் பழுது பார்க்கும் துரைராசு, செம்மொழி லோடு ஆட்டோ ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"தங்கச்சி, இந்த கியர் பெட்டிய நான் தொறக்க மாட்டேன். தொறந்தா என்னால மூட முடியாது. ஆனா கியர் பெட்டி உக்காந்திருக்குற ரப்பர் தேஞ்சு கெடக்கு. அத மாத்தினா உதறல் நிக்கும்."

ரப்பரை மாற்றினாள். உதறல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் பழையபடி வந்தது. குறைந்தது நிஜமா, குறையவேண்டும் என்று நினைத்ததால் அப்படித் தோன்றியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். ஏசி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். ஒரு பையில் அடங்கும் கம்ப்யூட்டரை வண்டியோடு இணைத்து, நான்கைந்து எண்களை எழுதிக்கொண்டார்கள். மேனேஜர் வந்து, கியர்பாக்ஸைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பவேண்டும், வர ஆறு வாரம் ஆகலாம் என்றார்.

"உள்ளே என்ன கெட்டுப்போயிருக்கு சார்?"

"அது பிரிச்சாத்தான் மேடம் தெரியும்."

"தெரியாம எதுக்குப் பிரிக்கிறது?"

அவர் சிரித்தார். இப்போதைக்கு கியர் ஆயிலை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு வந்தாள். பத்து நாள் வண்டி தங்கமாக ஓடியது. அந்தப் பத்து நாளும் மார்கழித் தூறல் விடாமல் இருந்தது என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

தை பிறந்ததும் பிரகதீஸ்வரியின் கல்யாணம் வந்தது. பிரகதீஸ்வரி தோட்டக்கலைத் துறையில் அலுவலர். செம்மொழியிடம் கார் ஓட்டப் படித்தவள். "மண்டபத்துக்கு உங்க வண்டியிலதான் போவேன் டீச்சர்" என்று மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். மயிலாடுதுறையில் மண்டபம். காலை ஏழு மணி. நல்ல வெயில். முன்னால் நாதஸ்வரம், நடுவில் வண்டி, பின்னால் சீர்வரிசைத் தட்டு ஏந்திய பெண்கள். மாயூரநாதர் கோயில் தெற்கு வீதியிலிருந்து ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து வந்து, சன்னதித் தெருவுக்குள் திருப்பினாள்.

வண்டி உதறியது. ராம்கி கட்டியிருந்த ரோஜா மாலைகள் குலுங்கின. இன்னும் கொஞ்சம் வளைத்ததும் அடியிலிருந்து மடமடவென்று ஒரு சத்தம். எதிரே இருந்த திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. நிதானமாக ஓட்டு என்று இங்கிலீஷில் சொன்னது. வண்டி தெருவுக்குள் நேராகிவிட்டது, ஆனால் அதற்குமேல் ஆக்சிலேட்டரை மிதித்தாலும் முனகியதே தவிர நகரவில்லை. முன்னால் போன நாதஸ்வரக்காரர்கள் தெரு பாதி போய்விட்டு, பின்னால் யாரும் வராததைப் பார்த்து நின்றார்கள்.

பெண்ணின் தாய்மாமன் கதவருகே வந்தார். துபாயில் டிரைவராக இருந்தவர். "நீங்க கொஞ்சம் எறங்குங்கம்மா. ஆட்டோமேட்டிக்ல பொம்பளைங்களுக்குப் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் குழம்பும்."

"மாமா, எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்," என்றாள் பிரகதீஸ்வரி பின்னாலிருந்து.

"சரிம்மா. முகூர்த்தத்துக்கு நேரமாவுதுல்ல."

செம்மொழி இறங்கினாள். அவர் உட்கார்ந்து, வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தார். மஞ்சள் எழுத்து இல்லை. வண்டி பட்டுப்போல நகர்ந்தது. மண்டபம் வரை ஒரு உதறல்கூட இல்லை. சீர்வரிசைப் பெண்களோடு செம்மொழியும் பின்னால் நடந்து போனாள். ஒரு பெண், தெரிந்தவள்தான், தன் கையிலிருந்த பழத்தட்டை அவளிடம் கொடுத்தாள். வெறுங்கையோடு நடப்பதற்கு அது மேல் என்று நினைத்திருக்கலாம்.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவளுக்கு மனம் செல்லவில்லை. வண்டி கெட்டிருக்கிறது என்றால் அவருக்கு எப்படி ஓடியது? ஒருவேளை கோளாறு தன் காலில்தானா? இருபது வருடமாகக் கிளட்ச்சில் பழகிய இடது கால், தனக்குத் தெரியாமலே பிரேக்கில் உரசுகிறதா? வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கால்களை மட்டும் அசைத்துப் பார்த்தாள். புகழேந்தி பார்த்துவிட்டு, "என்ன செய்யிற?" என்றான்.

"என் கால் நான் சொல்றத கேக்குதான்னு பாக்குறேன்."

அதற்குப் பிறகு வகுப்பிலும் தடுமாற்றம் வந்தது. படிக்க வந்தவர்கள் கிளட்ச்சை விடும்போது, "இப்ப விடுங்க" என்று சொல்ல வாயெடுத்து, சரியாகச் சொல்கிறோமா என்று ஒரு கணம் நிறுத்தினாள். அந்த ஒரு கணத்தில் வண்டி ஆஃப் ஆகிவிடும். கறுப்பு வண்டியை எடுப்பதையே விட்டுவிட்டாள். ராம்கி இரண்டு முகூர்த்தத்துக்குக் கேட்டான். வேறு பார்த்துக்கொள் என்றாள். விற்றுவிடலாம் என்று அவனே சொன்னபோது, என்ன கோளாறு என்று கேட்டால் வாங்குகிறவனிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். தெரியாத நோயோடு மாட்டை விற்பது மாதிரி அது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் அவளிடம் படித்துக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் மெஹராஜ் பேகம். ஐம்பத்தெட்டு வயது. கடைத்தெருவில் தையல் கடை. மகள் சென்னையில் வாங்கிய காரை, மகள் ஊருக்கு வரும்போது தான் ஓட்டிக்காட்ட வேண்டும் என்பதற்காகப் படித்தார். எட்டுப் போடுவதுதான் வரவில்லை. லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக்காட்ட வேண்டுமே. நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மண் பொட்டலில் குச்சி நட்டு செம்மொழி பழக்குவாள். குச்சி எல்லாம் சாய்ந்துவிடும்.

மாசி மாதம் ஒரு காலையில், பேகம் குச்சிகளைத் திரும்ப நட்டுக்கொண்டிருந்தபோது, செம்மொழிக்கு அது தோன்றியது. தன் கால்தான் காரணம் என்றால், தன் கால் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவேண்டும். கிளட்ச்சில் ஊறிய யாரிடமும் கொடுக்கக்கூடாது. எந்தப் பழக்கமும் இன்னும் படியாத கால் வேண்டும்.

"அக்கா, நாளைக்கு என் கறுப்பு வண்டியில எட்டுப் போடுறீங்களா?"

"டீச்சர், இந்தச் சின்ன வண்டியிலயே நான் குச்சியெல்லாம் சாய்க்கிறேன். அது பெரிய வண்டி."

"கிளட்ச் இல்ல. கியரும் மாத்த வேணாம். நான் பக்கத்துல இருக்கேன்."

மறுநாள் பொட்டலில் பேகம் கறுப்பு வண்டியில் எட்டுப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு குச்சிதான் போனது. ஒரு உதறலும் இல்லை. அப்படியானால் கோளாறு தன்னிடம்தான் என்று செம்மொழிக்குப் பட்டது.

"இறங்குங்கக்கா. நான் ஓட்டிப் பாக்குறேன்."

அவள் எட்டுப் போட்டாள். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அவளுக்கும் உதறவில்லை. வேகமாகப் போட்டாள், மெதுவாகப் போட்டாள், முழுக்க வளைத்துப் போட்டாள். அரை மணி நேரம் ஓடி வண்டி நன்றாகச் சூடேறியும் ஒன்றும் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காகத் தேடிய கோளாறு இல்லை என்றதும் சந்தோஷம் வரவேண்டும். குழப்பம்தான் கூடியது.

"கடை வரைக்கும் நானே ஓட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் பேகம். எட்டு வந்த உற்சாகம் அவருக்கு.

பொட்டலை விட்டுக் கொள்முதல் நிலையத்தின் சிமெண்ட் களத்தில் ஏறி, நெல் மூட்டை அடுக்கைச் சுற்றிக்கொண்டு வெளியே வரவேண்டும். பேகம் ஸ்டீயரிங்கை வளைத்தார். வண்டி உதறியது. அடியில் மடமடவென்று அதே சத்தம்.

"நான் என்ன பண்ணேன் டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணலக்கா," என்றாள் செம்மொழி. "இன்னொரு தடவ சுத்துங்க."

மறுபடி உதறியது. மண்ணில் இறக்கச் சொன்னாள், உதறவில்லை. களத்தில் ஏற்றச் சொன்னாள், உதறியது. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். பேகம்தான் சொன்னார்: "மண்ணுல விட்டா போவுது. கெட்டித் தரையில புடிக்குது. கோளாறு மேல இல்ல டீச்சர், காலுக்கிட்டதான் எங்கயோ."

கால் என்று அவர் சொன்னது சக்கரத்தை. செம்மொழிக்கு முதலில் தன் கால் என்றே கேட்டது.

கும்பகோணத்தில் ஷஹ்பாஸ் என்று ஒருவர் பழைய பெரிய கார்களைப் பார்க்கிறார், பேகத்துக்குத் தூரத்து உறவு. களத்தில் இருந்தபடியே போன் போட்டார்கள். செம்மொழி எல்லாவற்றையும் சொன்னாள். மழையில் உதறாதது, சூடானால் உதறுவது, மண்ணில் ஓடுவது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அக்கா, அது நாலு சக்கரமும் இழுக்குற வண்டி. நாலு டயரும் ஒரே அளவா?"

"முன்னாடி ரெண்டு மாத்தினோம். கிட்டத்தட்ட அதே அளவுதான்னு கடையில சொன்னாங்க."

"கிட்டத்தட்டன்னா எவ்வளவு? அளந்துட்டுச் சொல்லுங்க."

பேகத்தின் இஞ்ச் டேப் டயரைச் சுற்றிவர எட்டவில்லை. கைப்பையில் பாவாடை நாடா ஒரு சுருள் இருந்தது. பின் டயரைச் சுற்றிப் பிடித்து, சுற்று முடிந்த இடத்தில் அடையாளமாக முடிச்சிட்டு எடுத்தார். அதே நாடாவை முன் டயரில் சுற்றினார். மூன்று விரல் நீளம் மிச்சம் தொங்கியது. பேகம் இரண்டு தடவை அளந்தார். "அளவு மாறிடுச்சு டீச்சர். ஜாக்கெட்டா இருந்தா கை ஏறாது," என்றார்.

அடுத்த நாள் கும்பகோணத்தில், பட்டறை வாசலில் ஷஹ்பாஸ் தரையில் கோடு போட்டுக் காட்டினார். "முன்னாடி சின்ன சக்கரம். பின் சக்கரம் போற தூரத்தைப் போக அது கூடுதலா உருளணும். ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்குற பெட்டி ஒண்ணு நடுவுல இருக்கு. அது ஓயாம முறுக்கிக்குது. மண்ணுலயும் மழையிலயும் டயர் கொஞ்சம் வழுக்கி முறுக்கு விட்டுப்போகும். காஞ்ச தார்ல விடாது. வளைக்கும்போது இன்னும் மோசம். ரொம்பச் சூடாச்சுன்னா வண்டி தானே பயந்துக்கிட்டு சக்தியக் கொறைச்சுடும். ஆஃப் பண்ணிப் போட்டா மறந்துடும்."

"அன்னைக்குக் கல்யாணத்துல பொண்ணோட மாமா ஓட்டினப்ப உதறலயே."

"வழியில திருப்பம் இருந்துச்சா?"

செம்மொழி யோசித்தாள். சன்னதித் தெருவிலிருந்து மண்டபம் வரை நேர் வழி. ஒரு வளைவுகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

முன் டயர் இரண்டையும் பின் டயரின் அளவுக்கே வரவழைத்துப் போட்டார்கள். நடுப்பெட்டியின் ஆயிலையும் மாற்றினார் ஷஹ்பாஸ். கறுத்துக் கருகல் நாற்றம் அடித்தது. "உள்ள கொஞ்சம் தேஞ்சிருக்கும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. ஓட்டிப் பாருங்க." அதே வாரம் புகழேந்தி தன் பங்குக்குப் புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டான்.

உதறல் நின்றது. யாரால் நின்றது என்பதில்தான் வழக்கு. பேட்டரி என்கிறான் புகழேந்தி. ரப்பர் செட்டாக நாள் எடுக்கும், இப்போதுதான் செட்டாகியிருக்கிறது என்கிறார் துரைராசு. நாடா பிடித்த கை தன்னுடையது என்று பேகம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். டயர்தான் என்று செம்மொழிக்குத் தோன்றுகிறது. ஆனால் குளிர்ந்த காலையில் முதல் திருப்பத்தில் ஒரு சின்ன அசைவு வருகிறது. அது தேய்ந்த பெட்டியா, ரோட்டுப் பள்ளமா, தன் மனமா என்று இன்னும் பிடிபடவில்லை. வகுப்பில் மட்டும் பழைய குரல் திரும்பிவிட்டது. "இப்ப விடுங்க" என்று நிறுத்தாமல் சொல்கிறாள்.

பங்குனியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு வண்டியை எடுத்தாள். கும்பகோணத்துக் கடைவீதிகளின் அத்தனை திருப்பங்களிலும் வண்டி குழைந்து திரும்பியது. ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிவரும்போது, திருவிடைமருதூரைத் தாண்டியதும், வலப்பக்கத்திலிருந்து மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வந்தது. எழுபதில் இருந்தது, அறுபதுக்கு வந்ததும் இல்லை. வேகத்தைக் கூட்டினாள், வந்தது. கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தாள். அது கதவு ரப்பரா, காற்றா, சக்கரமா என்று தெரியவில்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி ஒருமுறை சுற்றிவந்தாள். வயலில் அறுவடை எந்திரம் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்தாள். யாருக்குப் போடுவது என்று யோசித்துப் பையிலேயே திரும்ப வைத்தாள். பிறகு உட்கார்ந்து, அறுபதைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தாள்.